ஓராண்டுக்குள் சொல்லாத பிறப்பு

விருதுநகரை அடுத்த சூலக்கரையைச் சேர்ந்த ஒருவர் துபாயில் கணக்கராக வேலை பார்க்கிறார், மனைவியும் உடன் இருக்கிறார், அங்கே அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது ஜாடை யாருக்கு என்று. அடுத்துக் கேட்பது, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா என்று. இந்த இரண்டாவது கேள்விக்குள் கேட்கிறவருக்கே தெரியாத இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தியத் தூதரகத்தில் பெற்றோர் கொடுக்கும் காகிதங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, பயண ஆவணம் கேட்பது. மற்றது, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி பிறப்பைப் பதிவு செய்வது. முதல் வேலை நடக்காவிட்டால் பிள்ளை விமானம் ஏற முடியாது. இரண்டாவது நடக்காவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் இந்தியக் குடியே ஆவதில்லை. தாயும் தகப்பனும் இந்தியர், நான்கு தாத்தா பாட்டிகளும் விருதுநகர் மாவட்டத்தைத் தாண்டாதவர்கள், பிள்ளை பேசப்போவது தமிழ் என்பதெல்லாம் அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

2004 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாடு தவறானது என்பது என் கருத்து. பிறப்பைப் பதிவு செய்யச் சொல்வதில் தவறில்லை. எந்த அரசும் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு, பிள்ளைக்கு ஏற்கெனவே உள்ள குடியுரிமைக்குச் சான்றாக இருக்க வேண்டும். நம் சட்டம் அதைக் குடியுரிமையின் பிறப்பிடமாகவே ஆக்கிவிட்டது. அதனால் பெற்றோர் செய்யத் தவறிய ஒரு காகித வேலைக்கான தண்டனை, அந்தத் தவறில் எந்தப் பங்கும் இல்லாத குழந்தையின் மேல் விழுகிறது. அதுவும் எல்லாக் குழந்தைகள் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. யாருடைய பெற்றோருக்குக் காகிதம் சேர்ப்பது கடினமோ, அவர்களைத் தேடிப் போய் விழுகிறது.

சட்டம் தொடக்கத்தில் இப்படி இல்லை. 1955இல் எழுதப்பட்டபடி, இந்தியக் குடிமகனான தகப்பனுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை பிறந்தபோதே இந்தியக் குடி. பதிவு தேவைப்பட்டது அடுத்த தலைமுறைக்குத்தான். தகப்பனும் வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் மட்டுமே குடிமகனாக இருந்தால், பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். விருதுநகரில் பிறந்து, வியாபாரத்துக்காகப் பினாங்கில் தங்கி, இந்தியக் குடியுரிமையை விடாமலிருந்த ஒருவருக்கு 1956இல் அங்கே மகன் பிறந்திருந்தால், அவனைப் பற்றி எந்த அதிகாரிக்கும் சொல்லாவிட்டாலும் அவன் இந்தியனே. அவனுடைய மகனும் பினாங்கிலேயே பிறந்தால்தான் தூதரகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு தலைமுறை வெளியே இருந்தால் உறவு அறுவதில்லை. இரண்டு தலைமுறை வெளியே இருந்தால், உறவு இன்னும் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். பழைய சட்டத்தின் பெருங்குறை வேறிடத்தில் இருந்தது. அது தாயைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இந்தியப் பெண் வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு அவள்வழியாக எந்த உரிமையும் இல்லை. 1992 டிசம்பர் 10 முதல்தான் 'தகப்பன்' என்ற இடத்தில் 'பெற்றோரில் ஒருவர்' வந்தது. ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் உடனே பதியப்பட வேண்டும், அதற்கு ஒரு நாட்டின் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது அதற்கு மறுநாள். அந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கு, பன்னிரண்டே ஆண்டுகளில் சட்டம் எதிர்த்திசையில் திரும்பியது வியப்பாக இருக்கும்.

அந்தத் திருப்பம் 2003இல் நிறைவேறிய திருத்தத்தில் வந்தது. அந்தத் திருத்தத்தின் மனம் வேறு இரண்டு விஷயங்களில் இருந்தது. ஒன்று, 'சட்டவிரோதக் குடியேறி' என்பவரை வரையறுத்து, அவருடைய பிள்ளைக்கு இந்திய மண்ணில் பிறந்ததால் வரும் உரிமையை அடைப்பது. மற்றொன்று, வசதியான சில நாடுகளில் குடியேறிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு 'வெளிநாட்டு இந்தியக் குடி' என்ற புதிய தகுதியைத் தருவது. இந்த இரண்டுக்கும் நடுவே, வெளிநாட்டில் பிறந்த இந்தியப் பிள்ளையைப் பற்றிய வாக்கியமும் மாற்றி எழுதப்பட்டது. இரண்டாம் தலைமுறைக்கு மட்டும் இருந்த பதிவு நிபந்தனை எல்லாருக்கும் விரிந்தது. ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதியாமலும், அதற்குப் பிறகு மத்திய அரசின் அனுமதியோடு பதியாமலும் விட்டால், அந்தப் பிள்ளை இந்தியக் குடியாக இருக்காது என்று எதிர்மறையாகவே எழுதிவைத்தார்கள். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பிள்ளையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். விளைவு விசித்திரமானது. ஒரே தம்பதிக்கு 2003இல் மஸ்கட்டில் பிறந்த மூத்தவன், தூதரகத்தின் வாசலை மிதிக்காவிட்டாலும் இந்தியன். 2006இல் அதே ஆஸ்பத்திரியில் பிறந்த இளையவன், பதியப்படாவிட்டால் எந்த நாட்டுக்கும் உரியவனல்ல. ஓமானோ சவூதியோ அமீரகமோ தன் மண்ணில் பிறந்தான் என்பதற்காக இந்தியரின் பிள்ளைக்குக் குடியுரிமை தருவதில்லை.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருக்கும் பெரும்பாலான இந்தியருக்கு இது பிரச்சினையாகத் தெரிவதே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் நம் சட்டம் அல்ல, அந்த நாடுகளின் விசாச் சட்டம். அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாட்களுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். தவறினால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும். விசா எடுப்பதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஆகவே பெற்றோர் தாமாகவே ஓடிப்போய் ஓராண்டு கெடுவுக்கு வெகு முன்னதாகவே பதிந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும். வீட்டு வசதியோடு என்றால் 3,000. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற எத்தனையோ பேரின் சம்பளம் அந்தக் கோட்டைத் தொடுவதில்லை. சம்பளம் போதாததால் மனைவி வரமுடியாமல் போகலாம். பிள்ளை பிறப்பதைச் சம்பளம் தடுப்பதில்லை. வேலை கொடுத்தவரிடம் பாஸ்போர்ட் சிக்கியிருக்கும் வீட்டுப் பணிப்பெண், ஸ்பான்சரை விட்டு வெளியேறியதால் விசா செத்துப்போனவர், தாலி கட்டியிருந்தும் கல்யாணத்துக்குக் காகிதம் இல்லாதவர் ஆகியோரின் பிள்ளைகள்தாம் பதிவு ஏட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அமீரகத்தில் 2022 தொடக்கத்தில் புதிய குற்றவியல் சட்டம் வரும்வரை மணமின்றிப் பிள்ளை பெறுவது சிறைக்குரிய குற்றம். அப்படிப் பெற்ற தாய் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கே அஞ்சினாள். ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லாவிட்டால் அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் தூதரகத்தில் எதைக் காட்டிப் பதிவது? ஓராண்டு போதாதா என்று கேட்கிறவர்கள் மனத்தில் வைத்திருப்பது சூலக்கரைக் கணக்கரை. கெடு தவறுவது இந்தத் தாய்க்கு.

கணக்கரின் பாடும் அவ்வளவு சுலபமில்லை. தமிழர் பெயர் வைக்கும் முறையையும் பாஸ்போர்ட் படிவத்தின் கட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மா. கருப்பசாமி என்பவரின் இனிஷியல் அவருடைய தகப்பன் மாரிமுத்துவைக் குறிக்கிறது. படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் மாரிமுத்து அந்தக் கட்டத்துக்குள் போகிறார். துபாய் ஆஸ்பத்திரி எழுத்தர் தகப்பனின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிள்ளையின் குடும்பப் பெயரையும் மாரிமுத்து என்றே எழுதுகிறார். தமிழ் வழக்கப்படி பிள்ளையின் இனிஷியல் 'க' ஆக இருக்க வேண்டும். சான்றிதழோ தாத்தாவின் பெயரைச் சுமந்து வருகிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பலாம் என்றால், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா தருவதை 2022 நவம்பரில் அமீரகம் நிறுத்தியது. தாயின் பக்கம் இன்னும் சிக்கல். அவளுடைய பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன் எடுத்ததாக இருந்தால் கணவர் பெயர் அதில் இருக்காது; சேர்க்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்றாலும், கோயிலில் தாலி கட்டி மண்டபத்தில் விருந்து வைத்தால் கல்யாணம் முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆக, ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிய, அதன் தாய் தகப்பனின் கல்யாணத்தைப் பதிய வேண்டும். அதற்கு அவர்கள் பெயர்களின் எழுத்து எல்லாக் காகிதத்திலும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் ஊருக்கு ஒருவரை அனுப்பியோ அண்ணன் தம்பியைக் கெஞ்சியோ நடக்க வேண்டும். அலுவலகம் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத்தான் கேட்கிறது. அந்த நியாயங்களின் கூட்டுத்தொகையில் குழந்தையின் நாடு தொங்குகிறது என்பதுதான் கோளாறு.

தவறவிட்டவர்கள் ஊருக்குத் திரும்பியபின் நடப்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். சட்டம் படித்தவர்களும் வழுக்கி விழும் இடம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்து, தூதரகம் வழியாகப் பதியப்படாத குழந்தையின் பெற்றோர், இந்தியாவில் குடியமரும் எண்ணத்தோடு திரும்பினால், குழந்தை வந்த 60 நாட்களுக்குள் இந்தியாவில் பிறந்த குழந்தையைப் போலவே உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம் என்கிறது அது. நல்ல ஏற்பாடு. இதன்படி விருதுநகரிலேயே ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். அதை வைத்து ஆதார் எடுக்கலாம், பள்ளியில் சேர்க்கலாம், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு முடிந்தது என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் பிறப்பை மட்டுமே பதிகிறது; குடியுரிமைச் சட்டம் கேட்கும் தூதரகப் பதிவுக்கு அது ஈடாகாது. ஆதாரும் குடியுரிமைச் சான்று அல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. பதினேழு பதினெட்டு வயதில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ மதுரை மண்டல அலுவலகத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், பிறந்த இடம் என்ற கட்டத்தில் வேறு நாட்டின் பெயரைப் பார்த்து, தூதரகப் பதிவு எங்கே என்ற கேள்வி எழும். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், விண்ணப்பதாரர் இந்தியக் குடி அல்ல என்றால் மறுக்கச் சொல்கிறது. பொதுநலன் கருதிக் குடியல்லாதவருக்கும் பயண ஆவணம் தரலாம் என்ற 20ஆம் பிரிவு உண்டு. அது சலுகை, உரிமையல்ல. ஒரே அரசின் இரண்டு சட்டங்கள் ஒரே பிறப்பைப் பற்றி ஒன்றுக்கொன்று பேசாமல் இருப்பதால், இங்கேயே வளர்ந்து இங்கேயே படித்த ஒருவர் திடீரென்று எந்த நாட்டவர் என்ற கேள்விக்கு ஆளாகிறார்.

நடைமுறையில் யாரும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை, அனுமதி கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்லலாம். பல நேரங்களில் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் குடியுரிமைச் சட்டத்தை எப்படிப் படிக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தாயின் வயிற்றில் இருந்தபோதே பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டதால் சிங்கப்பூர்க் குடியாகப் பிறந்த ஒரு தமிழ் இளைஞர், வயது வந்தபின் இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெற முயன்றார். சென்னை உயர் நீதிமன்றம் இரங்கியது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 அன்று அந்தத் தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது பரிவுக்காக அவற்றை வளைக்க முடியாது என்பது அதன் நிலை. அந்த வழக்கு வேறு பிரிவைப் பற்றியது. அந்தப் பெற்றோர் தாமே விரும்பி வேறு நாட்டைத் தேர்ந்தவர்கள். ஆனாலும் அந்த வாசிப்பு முறை 4ஆம் பிரிவுக்கும் பொருந்தும். பதிவு இல்லையேல் குடியுரிமை இல்லை என்று எழுதியிருப்பதை நீதிபதி அப்படியேதான் படிக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு நீதிமன்றம் ஏற்கெனவே அப்படிப் படித்துவிட்டது. பிரிட்டனில் 1983க்குப் பிறகு, குடியமர்ந்த உரிமை இல்லாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் குடி ஆவதில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் ஐந்து ஆண்டுகள் அங்கேயே வளர்ந்த குழந்தையைப் பதிந்துகொள்ள அந்நாட்டுச் சட்டம் வழிவைத்திருக்கிறது. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து இந்தியத் தூதரகத்தில் பதியப்படாத ஒரு குழந்தைக்காக வழக்கு வந்தபோது, லண்டன் உயர் நீதிமன்றம் 2017இல் நம் சட்டத்தை வரிவரியாக ஆராய்ந்தது. பதியும்வரை இந்தக் குழந்தை இந்தியக் குடி அல்ல, பதிவு கிடைத்தே தீரும் என்ற உறுதியும் இல்லை, ஆகவே இது நாடற்ற குழந்தை என்று முடிவு செய்தது. இந்தியப் பெற்றோரின் பிள்ளையை நாடற்றது என்று அறிவிக்க இன்னொரு நாட்டு நீதிமன்றத்துக்கு நம் சட்டப் புத்தகமே போதுமானதாக இருந்தது. பிறகு விண்ணப்பங்கள் பெருகவே, பெற்றோர் வேண்டுமென்றே பதியாமல் விடுகிறார்கள் என்று அந்நாட்டு அரசு குறைகூறி, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வழியைச் சுருக்கியது. சில பெற்றோர் அப்படிச் செய்திருக்கவும் கூடும். ஆனால் அப்படி ஒரு தந்திரத்துக்கு இடம் கொடுத்ததே பதிவைப் பிறப்பிடமாக்கிய நம் ஏற்பாடுதான். பிறந்தபோதே குடியுரிமை வந்துவிடும் என்றால் மறைத்து ஒரு பயனும் இல்லை. மோசடியைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை என்று வாதிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே சட்டக் கூர்மை இன்னொரு பக்கத்திலிருந்து குத்துவதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தை, மல்லாங்கிணர், சிவகாசியை ஒட்டிய அனுப்பங்குளம் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். இவர்களில் பல ஆயிரம் பேர் இங்கேயே பிறந்தவர்கள். இலங்கையின் கணக்கில் இவர்கள் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இதே நிபந்தனையைத்தான் வைத்திருக்கிறது: ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், பிந்தினால் அமைச்சரின் அனுமதி வேண்டும். 1983லும் 1990லும் படகேறியவர்கள் கையில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு வரவில்லை. தாய் தகப்பனின் காகிதம் இல்லாமல் பிள்ளையின் பதிவு எப்படி நடக்கும்? சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்து, தொண்டு நிறுவனங்களின் துணையோடு பதிந்தவர்கள் உண்டு. பதியாமலே வளர்ந்து கல்யாணமும் செய்து, தாமும் பிள்ளை பெற்றவர்கள் உண்டு.

இந்தியப் பக்கத்தில் இவர்களுக்கு இருக்கும் கதவோ பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலே இந்தியக் குடி. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டபோது மறுக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அவர் இந்தியக் குடியாகவே இருந்திருக்கிறார், ஒருவருக்கும் அது தெரியவில்லை. இந்த வழக்கு என் வாதத்துக்கு நேரடிச் சான்று. அவருடைய குடியுரிமை யாரும் பதிந்து வந்ததல்ல. பிறப்பிலேயே வந்து, நிரூபிக்கப்படும்வரை காத்திருந்தது. காகிதம் பிந்தியதால் உரிமை சாகவில்லை. ஆனால் இதே முகாமில் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால் இந்தக் கதவு கிடையாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளைப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. ஆக, அனுப்பங்குளத்துக் குழந்தைக்கு இலங்கை தன் பதிவேட்டைக் காட்டுகிறது, இந்தியா தன் தேதியைக் காட்டுகிறது. பதியாமல் திரும்பிய சூலக்கரைக் குழந்தைக்கு நாம் செய்வதும் அளவில் சிறியதே தவிர, வகையில் இதுவே.

குடியுரிமையை விண்ணப்பத்தின் மேல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் வரலாற்றைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1948இல் நாடற்றவர்களாக்கப்பட்ட அவர்களை 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு விண்ணப்பமும் தேற வேண்டும். ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகியும் கணக்கு முடியவில்லை. முடித்தது விண்ணப்பமல்ல, 2003இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியும் குடிகளே என்று அது ஒரே வீச்சில் அறிவித்தது. 2009இல் அதைத் திருத்தி, இந்தியாவுக்கு ஓடிவர நேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தானாகக் குடியுரிமை வந்தால் நிர்வாகம் குலையும் என்பவர்கள், பல லட்சம் பேருக்கு அப்படி வந்தும் இலங்கையில் எதுவும் குலையவில்லை என்பதைப் பார்க்கலாம்.

இரட்டைக் குடியுரிமை பற்றிய அச்சம் இன்னும் கனமான எதிர்வாதம். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை தானாகவே இந்தியக் குடியும் ஆகிவிட்டால் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளாதா என்பார்கள். அதற்குப் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது. பதினெட்டு வயதாகி ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காதவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்று 4ஆம் பிரிவிலேயே 2003 திருத்தம் சேர்த்திருக்கிறது. இரண்டு நாட்டுக் குடியாக இருக்கும் பிள்ளையைச் சட்டமே எண்ணிப் பார்த்திருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள். அமெரிக்கப் பிள்ளைகளின் நிலைமையும் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்பதற்கில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமைக் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு அதிபர் போட்ட ஆணையை நீதிமன்றங்கள் தடுத்து நிறுத்தின. ஓர் ஆணையின் தூரத்தில்தான் பல்லாயிரம் இந்தியப் பெற்றோர் இருக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக வெளியே இருப்பவர்களும் இந்தியராகவே நீடிக்கலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பதிலே நல்ல பதில்: இந்தியாவில் பிறந்தவரின் பிள்ளைக்குத் தானாக, வெளிநாட்டில் பிறந்தவரின் பிள்ளைக்குப் பதிவினால். பிரிட்டனும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. வெளிநாட்டில் பிறந்த முதல் தலைமுறைக்குத் தூதரகப் பதிவு விருப்பம் மட்டுமே. அமெரிக்காவில், உரிய காலம் அங்கே வாழ்ந்த குடிமகனுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை பிறப்பிலேயே குடி. தூதரகம் தருவது அதற்கான சான்று, பதினெட்டு வயதுவரை வாங்கிக்கொள்ளலாம். போலிப் பிள்ளை, கடத்தப்பட்ட பிள்ளை என்ற அச்சத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. சான்று கேட்கும் இடத்தில் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விசாரிக்கலாம், மரபணுச் சோதனை உட்பட. விசாரணைக்குப் பின் பிள்ளை இவர்களுடையது என்று தெரிந்த பிறகும், ஆனால் நீங்கள் பதின்மூன்றாவது மாதத்தில் வந்தீர்கள் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. சிவகாசி வட்டாரத்தில் உரிமம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸோ மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸோ கையில் வந்த நாளில்தான் ஒரு கட்டடம் பட்டாசு ஆலை ஆகிறது. கெடு முடிந்து புதுப்பிக்காவிட்டால் பூட்டுதான். வெடிமருந்துக்கு அந்தக் கறார் வேண்டும். குழந்தையையும் அதே கண்ணோடு பார்க்கும் சட்டம், எதை ஆபத்து என்று நினைக்கிறது என்று தெரியவில்லை.

4ஆம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். அது எப்போது கூடி எப்போது இதைக் கையில் எடுக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடிய ஒன்று உண்டு. குடியுரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மத்திய அரசு தன் அதிகாரங்களில் பெரும்பாலானவற்றை வேறு அதிகாரிகளுக்கு ஒப்படைக்க இடம் தருகிறது. 2021 மே மாதம் குஜராத், ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களின் 13 மாவட்டங்களில், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில சமயத்தவரின் குடியுரிமை விண்ணப்பங்களை முடிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கும் உள்துறைச் செயலர்களுக்கும் கொடுத்தது. வெளிநாட்டவரைக் குடியாக்கும் அதிகாரத்தையே ஆட்சியரிடம் கொடுக்க முடியுமென்றால், இந்தியப் பெற்றோரின் பிள்ளை பிந்திப் பதிய அனுமதி தரும் அதிகாரத்தை விருதுநகர் ஆட்சியரிடம் கொடுப்பதற்கு என்ன தடை? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி உள்ளூரில் பதியவரும் ஒவ்வொரு பிறப்பையும் பதிவாளர் ஆட்சியருக்கு அனுப்பலாம். ஆட்சியர் அனுமதி கொடுத்தபின் குழந்தை பிறந்த நாட்டில் உள்ள தூதரகம் இணையவழியில் பதியலாம். மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகம் பதினேழு ஆண்டு கழித்துக் கேட்கப்போகும் கேள்விக்கு அன்றைக்கே பதில் ஏட்டில் ஏறிவிடும். இதற்குத் தேவை உள்துறை அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை. முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அது போதாது. அவர்களுக்குச் சட்டமே மாற வேண்டும், கொழும்பிலும் டெல்லியிலும்.